ஃபிரிட்ஜுக்குள் வீட்டுச் சாவி

வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் சித்தி அதன் பிளக்கைப் பிடுங்குவார். பிறகு மின்விசிறியை நிறுத்துவார், ஜன்னலைச் சாத்துவார், கைபேசியைத் தலையணைக்கு அடியில் திணிப்பார். "ம், ஆரம்பிங்கடி. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்" என்று உத்தரவு வரும். முன்னறையில் மூன்று பெண்கள் இருப்பார்கள்: கிட்டாருடன் அக்கா மகள், டிரம்ஸ் வாங்க வழியில்லாமல் பழைய சூட்கேஸைத் தட்டுகிற டிரம்ஸ்காரி, மைக்குக்கு முன்னால் பாடுகிறவள். மூவருக்கும் அவர் சித்திதான்.

சித்திக்கு வேலை, ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வருகிற புகார்களைத் தொலைபேசியில் கேட்பது. யார் யாரோ காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவதையெல்லாம், "உங்க சிரமம் புரியுதுங்க" என்று தேன் குரலில் வாங்கிக்கொள்வார். தனிக்கட்டை. வீட்டில் டிவி கிடையாது, ரேடியோ கிடையாது. "என் காதுக்கும் லீவு வேணாமா?" என்பார். அப்பேர்ப்பட்டவரிடம் போய்ப் பாட்டுப் பதிவுக்கு முன்னறையைக் கேட்பதற்கு அசட்டுத் துணிச்சல் வேண்டும். அது அக்கா மகளிடம் நிறைய இருந்தது. பாடுகிறவளின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. மூவரும் சேர்ந்து கட்டியது ஒரே ஒரு பாட்டு. "அவ போறதுக்குள்ள பதியலன்னா அந்தப் பாட்டும் அவளோட போயிரும் சித்தி." மறுக்கத்தான் வாயைத் திறந்தார் சித்தி. "சரி, வந்து தொலைங்க" என்று வந்துவிட்டது.

கடைக்கும் கூடவே போனார். பிள்ளைகளின் சேமிப்போ கொஞ்சம், ஆசையோ ஆகாயம். கடைக்காரர் பளபளவென்று ஒரு மைக்கை எடுத்து வைத்தார். "ஊசி விழுந்தாலும் பிடிச்சிரும் மேடம்."

"எங்க வீட்ல ஊசியா விழுது? மேல் வீட்ல நாற்காலி விழுது, கீழ் வீட்ல புருஷன் பொண்டாட்டி சண்டை. அதையெல்லாம் பிடிச்சு நாங்க என்னங்க பண்றது? ஆபீஸ்ல என் ஹெட்செட், பக்கத்து சீட்டுக்காரி கத்தினாலும் கண்டுக்காது. அந்த மாதிரி சொரணை கெட்டதா ஒண்ணு இருக்கா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே மேடைப் பாடகர்கள் பிடிக்கிற கெட்டியான மைக் ஒன்றைக் கொண்டுவந்தார். வாய்க்குக் கிட்டே வருவதை மட்டும் கேட்கும், விலையும் குறைவு. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டியில் நாலு ஓட்டை வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். "ரெண்டு போதும்டி. எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா எந்தப் புகாரும் புரியாது. ஒருத்தர் முடிச்சதும் ஒருத்தர்." மிச்சத்தில் காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கினார்கள். மைக் ஸ்டாண்டுக்குச் சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. துணி காயப்போடுகிற ஸ்டாண்டில் மைக்கைக் கட்டி, சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டார்.

சித்தியின் கணக்கு ஓரிடத்தில்தான் உதைத்தது. பாடுகிறவளுக்குக் குரல் இத்தனூண்டு. அதற்காகப் பெட்டியின் குமிழைத் திருகிக் கூட்டினால், ஃபிரிட்ஜும் கூடவே ரீங்காரம் பாடியது. பிளக்கைப் பிடுங்கினார்கள். அன்று பாட்டு ஜோராக வந்த சந்தோஷத்தில் திரும்பச் செருக மறந்தே போனார்கள். காலையில் சமையலறையெல்லாம் தண்ணீர். உள்ளே இருந்த பால், மீன், குழம்பு எல்லாம் பாழ். மூவரும் தலையைத் தொங்கப்போட்டு வாசலில் வந்து நின்றார்கள். சித்தி தரை துடைக்கிற துணியோடு நிமிர்ந்து, ஆபீஸ் குரலில், "உங்க சிரமம் புரியுதுங்க" என்றார். அப்புறம் அவருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்துதான் சாவி ஃபிரிட்ஜுக்குள் போனது. அதை எடுக்காமல் அவர் வேலைக்குக் கிளம்ப முடியாது. எடுக்கப் போனால் உள்ளே விளக்கு எரியாததைப் பார்த்தே ஆக வேண்டும்.

"யாருக்காகவும் கத்தாத. மைக் காதுல ரகசியம் சொல்ற மாதிரி பாடு" என்று பாடுகிறவளிடம் சொன்னார். அவள் நெருங்கிப் பாடப் பழகினாள். குமிழைக் குறைக்க முடிந்தது. அதை முதன்முதலாக ஹெட்போனில் கேட்ட சித்தி, இன்னொரு தடவை போடச் சொன்னார். இத்தனை வருஷமும் அந்தக் காதுகளுக்குள் வந்ததெல்லாம் யாரோ ஒருவருடைய கோபம். பிள்ளைகள் ஆயிரம் நன்றி சொல்லியிருப்பார்கள். ஆனால் சித்தி தன் அக்காவிடம் சொன்னது வேறு: "நான்தான்க்கா அதுங்களுக்குக் கடன்பட்டிருக்கேன். வேலை முடிஞ்சா வீட்டுக்கு வரணும்னு இப்பத்தான் தோணுது."

பாடுகிறவள் புது ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. கீழே வண்டியில் சாமான்கள் ஏறிவிட்டன. மேலே கடைசி வரி மட்டும் பாக்கி. அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே அப்பா ஹாரனை அழுத்தினார். டிரம்ஸ்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். பாடுகிறவள் நிறுத்தாமல் முடித்தாள். இன்னொரு முறைக்கு நேரமில்லை. சித்தி ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். வரி முழுசாக இருந்தது. ஹாரன் எங்கோ தூரத்தில், கொசு மாதிரி.

"சொரணை கெட்ட மைக் காப்பாத்திடுச்சுடி" என்றார். மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள்.

சித்தி சமையலறைக்குப் போய்ப் பிளக்கைச் செருகினார். ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி முனகத் தொடங்கியது. சாவியை எடுத்தார். எப்போதும் அதைக் கதவோர ஆணியில் மாட்டுவார். அன்று நேரே வந்து பாடுகிறவளின் உள்ளங்கையில் வைத்தார்.

"சில்லுனு இருக்கு சித்தி. இது உங்க வீட்டுச் சாவி."

"எனக்கு இன்னொண்ணு எங்க அக்காகிட்ட இருக்கு" என்று சொல்லி, அவள் விரல்களைச் சாவியின் மேல் மடக்கிவிட்டார்.