சனூஸியும் ஜப்பான்காரன் சொல்லும்

என் அத்தை மகள் நபவிய்யாவுக்கு நாலு பிள்ளைகள்; மூத்தவன் சனூஸி. அவன் பெண்டாட்டி எல்ஹாமின் அண்ணன்தான் ரஷ்வான். மச்சான்கள் இருவருக்கும் எகிப்தில் எங்கள் ஊரான மீத் கம்ரில் ஒரே அலுமினியப் பாத்திர ஆலையில் வேலை. சனூஸிக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் காப்பிக்கடையில் டாமினோ ஆட உட்கார்ந்தால், எதிராளி மூஞ்சியைப் பார்த்தே அவன் கையில் என்ன காய் என்று சொல்லிவிடுவான்.

பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றபோது சனூஸியைத் தற்காலிகமாக அந்த இடத்தில் வைத்தார்கள். ரஷ்வானுக்கும் அதன்மேல் கண். யாருக்கு நிலைக்கும் என்பது புதிதாக வந்த இன்ஜினியரம்மா நெர்மீன் கையில் இருந்தது.

அப்போது பால் பாத்திரங்களில் ஒரு கோளாறு. ஊற்றும் மூக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கவேண்டிய கைப்பிடி, சிலதில் மூக்குக்கடியிலேயே ரிவெட் அடிபட்டு வந்தது. அதில் பால் ஊற்றினால் ஊற்றுகிறவள் கைதான் குளிக்கும்.

“சனூஸி அண்ணே, ரிவெட் மேசைக்கு ஒரு போகா-யோகே வெச்சுடுங்க. வியாழக்கிழமை வந்து பாக்குறேன். அதப் பாத்துட்டுத்தான் மேஸ்திரி யாருன்னு முடிவு” என்றார் நெர்மீன்.

“என் ரெண்டு கண்ணையும் குடுத்துச் செய்றேம்மா” என்றான் சனூஸி.

அது ஜப்பான்காரன் சொல் என்பதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. வழி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பலாமா என்று, தெரியாதவன்கூட ஏதாவது ஒரு தெருவைக் காட்டிவிடுவான். கைப்பேசி வராத காலம். ஆளைத்தான் கேட்கவேண்டும்.

“அது ஒரு எண்ணெய்ப்பா. நேத்துத்தான் தீந்துச்சு” என்றார் கிடங்குக்காரர்.

“சின்ன மோட்டார்டா. சூடாகும், பக்கத்துல நிக்காதே” என்றார் மின்சாரக்காரர்.

ரஷ்வான் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான். “இதுகூடத் தெரியாம நீயெல்லாம் மேஸ்திரியா மச்சான்? தப்பு நடந்தா அடிக்கிற மணி அது. கரண்டு மணி!”

சனூஸி யோசித்தான். பிறகு டாமினோக் காய் இறக்குவதுபோல அந்தச் சொல்லை இன்ஜினியரம்மா முன்னால் ஒவ்வொரு விதமாக இறக்கி, மூஞ்சியைப் பார்த்தான்.

“ஏம்மா, போகா-யோகேய எவ்வளவு ஊத்தட்டும்?”

வெயில் தலைக்கேறிய ஆளைப் பார்ப்பதுபோல அந்தம்மா பார்த்தார். எண்ணெய் இல்லை.

மறுநாள்: “கரண்டு போச்சுன்னா அது நின்னுடுமேம்மா?”

“அதுக்கு எதுக்குண்ணே கரண்டு? சில இடத்துல ஒரு ஆணியே போதும்.”

மோட்டாரும் மணியும் ஒரே அடியில் போயின.

அதற்கும் மறுநாள்: “வெச்சா பசங்க அதப் பாத்துப் பதனமா வேலை செய்வாங்களாம்மா?”

“பாக்கவே வேணாம். தூங்கிக்கிட்டு செஞ்சாலும் தப்பா வைக்க முடியக்கூடாது. அதுக்குத்தானே அது!”

சனூஸி அங்கே நிற்கவில்லை. ஒரு இரும்பு வளையத்தைப் பாத்திர வாய்க்கு அளவாக வளைத்து, மூக்கு நுழைய மட்டும் ஓரிடத்தில் வெட்டி, அந்த வெட்டு ரிவெட் அடிக்கும் பக்கத்துக்கு நேரெதிரே வரும்படி மேசையில் முடுக்கினான். மூக்கு வெட்டுக்குள் போனால்தான் கவிழ்த்த பாத்திரம் உட்காரும்.

வியாழக்கிழமை அந்தம்மா வந்து, “யாராவது முரட்டு ஆள் வந்து தப்பா வெச்சுக் காட்டுங்க” என்றார்.

ரஷ்வான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். தப்பாக வைத்துவிட்டால் மேஸ்திரி வேலை தனக்குத்தானே! அமுக்கினான், குத்தினான், வயிற்றைக் கொடுத்து நெம்பினான்.

“டேய், அது பாத்திரம்டா! உன் தங்கச்சி மாப்பிள்ளை கழுத்து இல்ல!” என்று யாரோ கத்த, ஆலையே சிரித்தது.

வியர்வையில் பாத்திரம் அவன் கைக்குள் வழுக்கித் தானே திரும்பி, சரியான பக்கமாக ‘டக்’ என்று உட்கார்ந்தது.

“மேஸ்திரி சனூஸி அண்ணன்தான்” என்றார் நெர்மீன்.

ரஷ்வான் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “நான்தாம்மா மச்சானுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

எல்லோரும் சனூஸியைப் பார்த்தார்கள்.

“ஆமாம்மா, மச்சான்தான்” என்று சொல்லி, ரஷ்வானுக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுவரச் சொன்னான் சனூஸி. பிறகு என்ன? சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்ஹாம் முகத்தில் விழிக்கவேண்டாமா?