மரீன்ஸ்க் மேடையில் நாலு பத்து

இரவீந்திரனால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. ரயில் ஓட்டும்போது மட்டும் இருப்பார். அப்போதும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும். ஒஸ்லோவின் ஐந்தாம் இலக்கச் சுரங்க ரயிலை நகருக்கும் வெஸ்ட்லிக்குமாகப் பதினெட்டு வருடங்களாக ஓட்டுகிறார். வீட்டிலும் தேநீர்க் கோப்பையோடு குசினிக்கும் யன்னலுக்கும் இடையில் நடப்பார்.

"இஞ்சேருங்கோ, ஏதாவது ஒரு ஸ்டேசன்ல நிண்டு குடியுங்கோவன்," என்பார் மனைவி சிறிதேவி.

வருடத்தில் ஒரு நாள் அந்த நடை இன்னும் மோசமாகும். சிறிதேவியின் அண்ணன் பத்மநாதனின் திவசத்துக்கு முதல் நாள்.

பத்மநாதனும் இரவீந்திரனும் ஒரே ஏஜென்சிக்காரனை நம்பி ஒன்றாகப் புறப்பட்டவர்கள். மொழி படிக்கப் போகும் மாணவர்கள் என்று விசா எடுத்து, இருவரையும் சைபீரியாவில், இர்குட்ஸ்க் நகரத்தில் இறக்கிவிட்டான். அங்கிருந்து மொஸ்கோவுக்கு ரயில், பிறகு ஐரோப்பா என்பது திட்டம். வரைபடத்தில் ஒரு சாண் தூரம். ரயிலில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, அந்தச் சாண் மூன்றரை நாள் என்று.

சோவியத் ஒன்றியம் உடைந்து ஏழாவது குளிர்காலம் அது. ஆலைகளில் சம்பளம் இல்லை. சம்பளத்துக்குப் பதிலாகச் செய்த பொருளையே கொடுத்தார்கள். சனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு ரயில் மேடைக்கு வந்தார்கள். ஓர் ஊரில் எல்லார் கையிலும் கண்ணாடிக் குவளை. அடுத்த ஊரில் எல்லார் தோளிலும் துவாய். இன்னோர் ஊரில் பனிக்குள் ஆளுயரக் கரடிப் பொம்மைகள் வரிசையாக நின்றன.

"இவங்கட ஊருகளுக்குப் பேர் தேவையில்லை மச்சான். சாமானை வைச்சே மாப் கீறலாம்," என்று பத்மநாதன் சிரித்தார்.

இடையில் வெள்ளைத் தண்டு மரங்கள், உறைந்த ஓர் ஆறு, மறுபடி மரங்கள். இரண்டாம் நாள் பத்மநாதனின் சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு காய்ச்சல். மரீன்ஸ்க் என்ற நிலையத்தில் பெட்டிக்குப் பொறுப்பான பெண் அவரை மேடையில் இறக்கச் சொன்னாள். வைத்தியர் வருமுன் மூச்சு நின்றுவிட்டது.

இரவீந்திரன் உடனே அண்ணாந்து நிலையத்து மணிக்கூட்டைப் பார்த்தார். ஊரில் ஒருவர் கண்மூடினால் பக்கத்தில் நிற்பவர் அழமுன் செய்யும் வேலை அது. நேரம் தெரியாவிட்டால் திதி குறிக்க முடியாது. மணிக்கூடு நாலு பத்துக் காட்டியது. இருபத்தைந்து நிமிடம் நின்ற ரயில் ஊதியது. உடலை மேடையில் விட்டுவிட்டு இரவீந்திரன் ஏறிவிட்டார்.

சிறிதேவி அப்போது வட நோர்வேயில், ஹம்மர்பெஸ்ட்டில் மீன் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தார். நோர்வே வந்து சேர்ந்ததும் இரவீந்திரன் அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னார். உருளைக்கிழங்கு விற்ற ஒரு மனிசி பனியிலேயே உட்கார்ந்து அண்ணனின் தலையை மடியில் வைத்திருந்ததையும், தண்ணீர் பருக்கியதையும், சுற்றி நின்ற சனங்கள் தொப்பியைக் கழற்றியதையும் சொன்னார்.

சிறிதேவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "விடியப்பறம் நாலு மணிக்கு ஆர் உருளைக்கிழங்கு விக்கிறது?"

மணிக்கூடு நாலு பத்துக் காட்டியது என்றே இரவீந்திரன் திரும்பச் சொன்னார். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். சிறிதேவி அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கவேயில்லை. அந்த மனிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகக் கட்டிய கதை என்று அவர் முடிவுகட்டிவிட்டது இரவீந்திரனுக்குத் தெரியும். சிறிதேவியின் மனதில் அண்ணன் இருட்டில், வெறும் மேடையில், தனியாகச் செத்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக.

இந்த வருடம் திவசம் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை வெஸ்ட்லியில் ரயில் திரும்பும் இடைவேளையில் இரவீந்திரன் ஓட்டுநர் அறையில் குறுக்கும் மறுக்கும் நடந்தார். மூலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர் லரிசா, புதிதாக இந்தத் தடத்துக்கு வந்தவர். சைபீரியாவில் பிறந்து, துரொண்ட்ஹெய்மில் படித்தவர். இருவரும் பேசுவது நோர்வேஜிய மொழியில்.

"என்ன, அறைக்குள் புதுத் தண்டவாளம் போடுகிறாயா?"

"நாளைக்கு மச்சானின் நினைவு நாள். உங்கள் பக்கத்தில்தான் இறந்தார். மரீன்ஸ்க்கில்."

லரிசா கோப்பையை வைத்தார். "மரீன்ஸ்க்கிலா? என் மாமா அங்கே சிக்னல்காரர். எப்போது?"

"ஒரு பெப்ரவரி. காலை நாலு பத்து. பனியெல்லாம் ரோசா நிறமாக விடிந்துகொண்டிருந்தது."

"பெப்ரவரியில், சைபீரியாவில், நாலு மணிக்கு விடிந்ததா? நீ நோர்வேயில் எத்தனை வருடம் இருக்கிறாய்?"

இரவீந்திரன் நின்றார். யாழ்ப்பாணத்தில் மாரியோ கோடையோ ஆறு மணியளவில் விடியும். அந்த நாட்டில் நாலு மணிக்கு விடிகிறதாக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டார். பிறகு எத்தனை பெப்ரவரியில் முதல் ரயிலை இருட்டில் ஓட்டி, ஏழரைக்குப் பிறகு சூரியனைக் கண்டிருக்கிறார்! ஒருநாளாவது அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"அது மொஸ்கோ நேரம்," என்றார் லரிசா. "இரண்டாயிரத்துப் பதினெட்டு வரைக்கும் பசிபிக் கரை வரையான எல்லா நிலையத்திலும் அதே நேரம்தான். பதினொரு நேர வலயம், ஒரே மணிக்கூடு. ஆலை மூடியது, நாடு உடைந்தது, மணிக்கூடு அசையவில்லை. மரீன்ஸ்க்குக்கு நாலு மணித்தியாலம் கூட்டு."

"எட்டு பத்து."

"எட்டு பத்து."

"அந்த நேரம் உருளைக்கிழங்கு விற்பார்களா?"

"பின்னே? என் அம்மாவே விற்றார். ஆறு மணிக்கு அவித்து, வாளியில் போட்டு, ஆறாமல் என் பழைய கோட்டால் சுற்றிக்கொண்டு ஓடுவார். ஆலை அவருக்குச் சம்பளமாக ரப்பர்ச் சப்பாத்துத்தான் கொடுத்தது. அதை யார் தின்பது?"

அடுத்த ஓட்டத்தில் ஒரு நிலையத்தில் கதவை மூட மறந்து நின்றார். ஒரு பயணி கண்ணாடியில் தட்டினான். சொன்னால் சிறிதேவி நம்புவாள். சொன்னால் நேரத்தோடு திதியும் மாறி, இருபத்தாறு திவசமும் பிழையாகிவிடும். சொல்லாவிட்டால் நாளைக்குப் படையல், வழமைபோல். மரக்கறி வாங்கியாயிற்று. ஆட்களுக்கும் சொல்லியாயிற்று.

வீட்டில் சிறிதேவி வடைக்கு உளுந்து கழுவிக்கொண்டிருந்தார். இரவீந்திரன் சப்பாத்தைக் கழற்றாமலே சொல்லி முடித்தார்.

சிறிதேவி கையைத் துடைத்துக்கொண்டு போய், அலுமாரியிலிருந்து அண்ணன் இறந்த வருடத்துப் பஞ்சாங்கத் தாளை எடுத்துவந்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

"தசமி விடிய அஞ்சு முப்பத்திரண்டு மட்டும்," என்று வாசித்தார். "அங்கை எட்டு பத்தெண்டா ஊரில ஏழு பத்து. தசமி முடிஞ்சு போச்சு. ஏகாதசி."

"ஓம்."

"அப்ப நாளைக்கில்லை. வியாழக்கிழமை."

"ஓம்."

"இருபத்தாறு வருசம் அண்ணாவுக்கு ஒரு நாள் முந்திப் படைச்சிருக்கிறன்." குரல் உயர்ந்தது. "ரயில் ஓட்டுற மனிசன்! ஒரு நிமிசம் பிந்தினா மன்னிப்புக் கேக்கிற மனிசன்! நாலு மணித்தியாலத்தை எங்கை விட்டனீங்கள்?"

இரவீந்திரனுக்கு நடக்கவேண்டும்போல் இருந்தது. வாசலிலேயே நின்றார்.

சிறிதேவி தாளை மடித்தார், விரித்தார். உளுந்துச் சட்டியை மூடிக் குளிர்பெட்டிக்குள் வைத்தார். கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"அப்ப வெளிச்சமே?"

"நல்ல வெளிச்சம்."

"சனம் நிண்டதே?"

"மேடை நிறைய."

குளிர்பெட்டி திறந்திருப்பதாகச் சத்தமிட்டது. சிறிதேவி அதை மூடினார்.

"அந்த மனிசி," என்றார். "தலைக்கு என்ன கட்டியிருந்தவ?"

"சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை. அதைக் கழற்றித்தான் அண்ணாவின்ரை நெஞ்சைப் போர்த்தினவ. பிறகு வெறுந்தலையோடதான் இருந்தவ, அந்தக் குளிருக்குள்ள."

சிறிதேவி கதிரையை இழுத்துப் போட்டார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருங்கோ. முதல்ல இருந்து சொல்லுங்கோ."

இரவீந்திரன் இருந்தார்.