ஸ்டியரிங் இல்லாமல் டெல்லி வரை

விமானத்தில் ஏறப் பயமா என்று கேட்டால் பலர் மழுப்புவார்கள். நான் மழுப்புவதில்லை. ஐம்பத்து மூன்று வயதுவரை ஏறியதே இல்லை. சென்ற நவம்பரில் ஒரு புதன்கிழமை பெங்களூரிலிருந்து டெல்லிக்குப் பறந்தேன். பறந்தேன் என்பது பெரிய வார்த்தை. பெல்ட்டால் கட்டிக் கொண்டுபோனார்கள் என்பதே சரி. என்னைப் போல யாராவது டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால் உதவுமே என்று எழுதுகிறேன். பத்தாவதோடு நிறுத்தியவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருக்குத் தெற்கே ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பேருந்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். ஓசூர் ரோட்டில் தினமும் நாற்பது பேரை ஏற்றி இறக்குகிறவனுக்கு என்ன பயம் என்று கேட்பார்கள். பிரச்சினையே அதுதான். வேறொருவர் ஓட்டும் வண்டியில் எனக்குத் தூக்கம் வராது. முன்கண்ணாடி வழியாக ரோடு தெரிந்தாக வேண்டும். விமானத்தில் ரோடும் தெரியாது, ஓட்டுகிறவர் முகமும் தெரியாது. என் மகள் சுதா டெல்லிக்கு வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. நான் போனது இரண்டே முறை, இரண்டும் ரயிலில். அவள் அம்மா இறந்து ஆறு வருடம். எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான் குடும்பம்.

அன்று காலை 10.20-க்கு ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்தேன். சுதாவோடு அறையில் தங்கியிருக்கும் ஆம்பூர்ப் பெண் பர்வீன் போன் செய்தாள்.

"அங்கிள், நான் சொன்னேன்னு சுதாகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்கு நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஆபரேஷன். கழுத்துல கட்டி. இன்னைக்கே அட்மிட் ஆயிட்டா. ரெண்டு வாரமா தெரியும்."

"என்கிட்ட ஏன்மா சொல்லல?"

"எங்கப்பா ப்ளைட் ஏற மாட்டாரு, வர முடியலயேன்னு அங்க தவிச்சிட்டு இருப்பாரு, எதுக்கு அவரைக் கஷ்டப்படுத்தணும்னுட்டா."

ரயிலில் போனால் வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேர முடியும். எங்கள் ஷெட்டில் இன்னொரு பேருந்தை ஓட்டும் செல்வத்தைக் கூப்பிட்டேன். அவன்தான் தன் போனில் டிக்கெட் போட்டான். மதியம் 3.40 விமானம், 9,460 ரூபாய். (இரண்டு வாரம் முன்னாலேயே போட்டிருந்தால் பாதிதான் ஆகியிருக்கும்.) அவன் காரிலேயே 11.50-க்குக் கிளம்பினோம். ஹெப்பகோடியிலிருந்து விமான நிலையம் அறுபது கிலோமீட்டருக்கு மேல். காரை எடுக்கும் முன் வழக்கம்போல் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினான். ஐந்தாவதை என் சட்டைப் பையில் போட்டான்.

"இது ப்ளைட்டுக்கு."

"விளையாடாதடா."

"மச்சான், சில்க் போர்டு டிராபிக்ல ஸ்டாஃப் பஸ் ஓட்றவன் நீ. மேல சிக்னலே கிடையாது. இன்னாத்துக்கு இப்படி நடுங்கற?"

"ஹாரனும் கிடையாதேடா."

1.55-க்கு இறக்கிவிட்டான். போகும்போது சிரிக்கவில்லை. "பாப்பாவைப் பாத்துட்டு போன் பண்ணு" என்று மட்டும் சொன்னான்.

உள்ளே சோதனையில் எலுமிச்சம்பழத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 3.10-க்கு ஒரு பேருந்தில் ஏற்றி, விமானத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். எல்லோரும் வரிசையாகப் படியேறினார்கள். என் கண்ணில் சக்கரம் பட்டது. செல்வம் கேலிக்குத்தான் கொடுத்தான், எனக்கும் தெரியும். இருந்தாலும் கை பைக்குள் போய்விட்டது, கால் வரிசையை விட்டுச் சக்கரத்தின் பக்கம் போய்விட்டது. பளபளக்கும் பச்சை ஜாக்கெட் போட்ட ஊழியர் ஒருவர் ஓடிவந்தார்.

"சார், சார்! எல்லி ஹோக்தீரா?" எங்கே போகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார்.

கையைத் திறந்து காட்டினேன். "டயருக்கு..." என்றேன்.

அவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரல் தமிழுக்கு மாறியது.

"அண்ணா, அங்க நீங்க குனிஞ்சா எனக்கு வேலை போயிடும். ஆயுத பூஜைக்கு ஏணி வண்டி, லக்கேஜ் டிராக்டர் எல்லாத்துக்கும் நாங்க வெச்சாச்சு. யாரைப் பாக்கப் போறீங்க?"

"பொண்ணை. நாளைக்கு ஆபரேஷன்."

பழத்தை என் கையிலிருந்து எடுத்துத் தன் ஜாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "சாயங்காலம் என் டிராக்டருக்கு வெக்கறேன், உங்க பொண்ணு பேருக்கு. நீங்க ஏறுங்க."

ஏறினேன். இருக்கை 7C, நடைபாதை ஓரம். கிளம்பும்போது என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், கண்ணை மூடியிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்டம் ஆரம்பித்தது. பெல்ட் விளக்கு எரிந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் பயணிகள் கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதுபோல நானும் பணிப்பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் மடக்கு இருக்கையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மதியாக இருந்தது. ஐந்து நிமிடம்தான். பிறகு ஞாபகம் வந்தது: ஒருமுறை மேம்பால இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது, நானும் முகத்தை மாற்றாமல்தான் கியரைக் குறைத்து ஓரம் கட்டினேன். பின்னால் ஒருவருக்கும் தெரியாது. அப்படியென்றால் இந்தப் பெண்ணும்?

அதே நொடியில் சுதா நினைவுக்கு வந்தாள். இந்த இரண்டு வாரமும் தினம் சாயங்காலம் போனில் "சாப்டியாப்பா? பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான் கேண்டீன் சாம்பாரில் உப்பு அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முகத்தை மாற்றாமல் இருப்பது என்னிடமிருந்து அவளுக்குப் போனதுதான். ஆட்டம் அதன் பிறகும் பத்து நிமிடம் இருந்தது. பயமும் இருந்தது. ஆனால் அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

இறங்கும்போது என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடி முன் இருக்கையின் அடியில் அழுத்திக்கொண்டே இருந்தது. முன்னால் இருந்த அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மறுநாள் கெண்டைக்கால் வீங்கியிருந்தது. விமானம் நின்றது என்னால்தான் என்று செல்வத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

6.30-க்குத் தரையிறங்கினேன். பிரீபெய்டு டாக்ஸி 620 ரூபாய், 22 கிலோமீட்டர். மருத்துவமனையில் எட்டு மணியோடு பார்வை நேரம் முடியும். 7.40-க்கு வார்டு வாசலில் நின்றேன். சுதா படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

"அப்பா? எதுலப்பா வந்தே?"

"ப்ளைட்லதான்."

"பொய் சொல்லாத."

போர்டிங் பாஸைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பயமா இருந்துச்சா?"

"ரொம்பம்மா."

"எனக்கும்பா" என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் கெட்டது ஒன்றும் இல்லை என்று பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது.

முதல்முறை பறப்பவர்களுக்கு: நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், இறக்கைக்குப் பக்கத்தில் ஆட்டம் கொஞ்சம் குறைவு என்கிறார்கள். பெங்களூரின் தெற்குப் பக்கம் இருப்பவர்கள் விமான நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே வீட்டை விட்டுக் கிளம்புங்கள். வயிற்றைக் காலியாக விடாதீர்கள், இரண்டு இட்லி போதும். பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எனக்குப் போகவில்லை. திரும்பி வரும்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன். பயத்தோடும் போய்ச் சேரலாம், அவ்வளவுதான். டிக்கெட் போடும் முன் ஒன்று செய்யுங்கள்: உங்கள் பயத்தைக் காரணமாக வைத்து வீட்டில் யாராவது எதையாவது உங்களிடம் சொல்லாமல் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆபரேஷன் அன்று, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நர்ஸ் சம்மதப் படிவம் கொண்டுவந்தார். நோயாளியின் உறவினர் என்ற இடத்தில் பர்வீனின் பெயர் இருந்தது, பக்கத்தில் தோழி என்று. சுதா பேனாவை வாங்கி அதை அடித்தாள். மேலே என் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் அப்பா என்று எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, கீழே கையெழுத்துப் போட்டேன்.