பயன்படாத டிஷ் எது?

1. கட்டிலில் விழுந்த காரை

விருதுநகரில் நான் டிஷ் மாட்டும் கடை வைத்திருந்தேன். டி.டி.எச். வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். போன் வந்தால் மாட்டச் சொல்லித்தான் வரும். ஒரு நாள் காலை சிவகாசியிலிருந்து வந்த போனில் ஒருவர் கழற்றச் சொன்னார். நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் அவர்.

"எத்தனை டிஷ் சார் கழட்டணும்?"

"அதை நீங்க வந்துதான் சொல்லணும். எங்களுக்கே தெரியலை."

போன பிறகுதான் விஷயம் புரிந்தது. மேல்மாடியில் குடியிருந்த லட்சுமி டீச்சர் வீட்டில் முந்தின வாரம் சீலிங் காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அவருடைய கணவரின் கட்டிலில், சரியாகக் கால்மாட்டில் விழுந்திருக்கிறது. நாலு முழம் தள்ளி விழுந்திருந்தால் தலை. அவரைக் கட்டிலோடு ஹாலுக்கு நகர்த்தி வைத்திருந்தார்கள். மொட்டை மாடித் தளத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்து டிஷ் நிறுத்தியிருந்தார்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று கொத்தனார் சொல்லியிருந்தார்.

சங்கம் உடனே கூட்டம் போட்டது. செயலாளர் கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீர்மானத்தை எனக்கு நின்றுகொண்டே வாசித்துக் காட்டினார். "மொட்டை மாடியில் உள்ள பயன்படாத டிஷ்கள் அனைத்தும் மழைக்காலத்துக்கு முன் அகற்றப்பட வேண்டும்."

"பயன்படாததுன்னா எது சார்?" என்று கேட்டேன்.

அவர் தாளை ஒரு முறை பார்த்தார். "பயன்படாததுன்னா, பயன்படாததுதான்."

மாடிக்குப் போனேன். டிஷ்கள் நாலா பக்கமும் நின்றன. ஒரே பக்கம் பார்க்க வேண்டிய ஒரே கம்பெனி டிஷ்கள்கூட ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன. கேபிள்கள் எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரே பைப் வழியாகக் கீழே இறங்கின. எதிலும் வீட்டு நம்பர் இல்லை.

2. துருப்பிடித்ததும் ஓடும்

வீடு வீடாகக் கேட்டேன். இரண்டாம் மாடியில் ஒரு அம்மா, "எங்க டிஷ்ஷுல படம் வர்றதில்லதான். ஆனா அதுல கொடி கட்டித்தான் துணி காயப் போடுறேன். அது பயன் இல்லையா?" என்று கேட்டார். அதை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

யாரும் தன்னுடையது என்று சொல்லாத டிஷ்களை மீட்டர் வைத்துப் பார்த்தேன். டிஷ் முனையில் சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி.க்கு கரண்ட், வீட்டுக்குள் இருக்கும் பாக்ஸிலிருந்து கேபிள் வழியாகத்தான் வரும். கேபிளில் கரண்ட் இல்லையென்றால் பாக்ஸ் ஓடவில்லை. ஒன்று நன்றாகத் துருப்பிடித்திருந்தது, மீட்டரும் அசையவில்லை. செயலாளர் தலையாட்டினார். கழற்றிவிட்டேன்.

சாயங்காலம் முதல் மாடிக்காரர் கடையிலிருந்து வந்தார். பட்டாசு ஏஜென்ட். வந்தவர் டிவியைப் போட்டிருக்கிறார், படம் இல்லை. நேராக மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"யாரைக் கேட்டு கழட்டுனீக?"

"மீட்டர்ல கரண்ட் வரலை அண்ணாச்சி..."

"பகல் பூரா வீட்டுல ஆள் இல்லை, மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போறோம். எப்படி வரும்? சீசன் நேரத்துல நாங்க கம்பெனியில லோடு ஏத்துவமா, உங்க மீட்டருக்குக் காவல் இருப்பமா?"

அவர் சொன்னது நியாயம். திரும்ப மாட்டிக் கொடுத்தேன். மறுநாளே சங்கம் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தது: வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால்தான் டிஷ்ஷைத் தொடலாம். எல்லாக் குழப்பமும் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த வரியிலிருந்துதான் பெரிய குழப்பம் ஆரம்பித்தது.

3. இரண்டு பேரும் இல்லை, இரண்டு பேரும் ஆமாம்

லட்சுமி டீச்சர் வீட்டுக்கு நேர் மேலே நின்ற டிஷ்தான் முக்கியமானது. ஒரு ஆளைக் கீழே நிறுத்தி கேபிளை இழுத்து இழுத்துப் பார்த்ததில் அது மூன்றாம் மாடியில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் போனது. அந்த வீட்டுக்காரர் அருணாசலம் காலமாகிவிட்டார். மகன்கள் இருவர். மூத்தவர் பால்ராஜ், காலண்டர் பிரஸ் வைத்திருந்தார். இளையவர் தனசேகர், லாரி ஆபீஸ். வீடு யாருக்கு என்று இருவருக்கும் கோர்ட்டில் வழக்கு.

மூத்தவருக்கு போன் செய்தேன். "டிஷ்ஷா? எனக்குத் தெரியாதுங்க. தம்பி மாட்டியிருப்பான்."

இளையவர் சொன்னார்: "நானா? அண்ணனைக் கேளுங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

செயலாளர் இருவரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார். 'வீட்டு உரிமையாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று. அன்று மத்தியானமே மூத்தவர் எனக்கு போன் செய்தார்.

"அந்த டிஷ் என்னோடதுதான். நான் வந்து கையெழுத்துப் போடுறேன்."

போனை வைக்கவும் இளையவர் லைனில் வந்தார். "அண்ணன் கையெழுத்துப் போட்டா நான் உங்க மேலயும் கேஸ் போடுவேன். டிஷ் என்னோடது."

காலையில் யாருக்கும் வேண்டாத டிஷ், சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்குச் சொந்தமாகிவிட்டது; 'உரிமையாளர்' என்று போட்ட கையெழுத்தைக் கோர்ட்டில் காட்டலாமே. ஒருவர் கையெழுத்தை வாங்கினால் மற்றவர் விடமாட்டார். இருவரும் சேர்ந்து போடவும் மாட்டார்கள், போட்டால் பாதி வீடு மற்றவருக்கு என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தாராம். கையெழுத்து இல்லாமல் நான் ஸ்பேனரை வைக்கக் கூடாது. கிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்துவிட்டது. ஹாலில் படுத்திருந்த டீச்சரின் கணவர் வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரால் பேச முடியாது.

நான் நிலைமையைச் சொன்னபோது லட்சுமி டீச்சர் கேட்டார்: "கனிக்குச் சொன்னீகளா?"

"யாரு டீச்சர் அது?"

"அருணாசலம் அண்ணாச்சி மக. சண்முகக்கனி. வெம்பக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கு. கடைசி வருஷம் பூரா இங்கன இருந்து அப்பாவைப் பாத்துக்கிட்டது அந்தப் பிள்ளைதான்."

இத்தனை தடவை போனில் பேசிய அண்ணன் தம்பி இருவரும் அப்படி ஒரு பெயரைச் சொல்லவே இல்லை. செயலாளரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

4. மூன்றாவது கையெழுத்து

டீச்சர்தான் கனிக்குப் போன் செய்து வரச் சொன்னார். அண்ணன் தம்பி இருவரையும் செயலாளர் அதே நாளில் வரச் சொல்லியிருந்தார். மாடியில் டிஷ்ஷுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். செயலாளர் நடுவில் தாளோடு நின்றார். நான் ஸ்பேனரோடு நின்றேன். அப்போது படியேறி வந்தார் சண்முகக்கனி. பஸ்ஸில் வந்த களைப்பு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கா ரெண்டு பேரும் சண்டை போடுறீக?" என்றார். "இது நான் வாங்கினது. அப்பா படுக்கையில கிடக்கையில பொழுது போகணுமேன்னு மாட்டினேன். ரிமோட்டைப் பிடிக்க அவருக்குக் கை வராது. நான்தான் மாத்தி மாத்தி வைப்பேன்."

பால்ராஜ் தம்பியைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார்.

"கனி வாங்கிக் கொடுத்ததுன்னு அப்பா ஒரு தடவை சொன்னாரு" என்றார் தனசேகர், மெதுவாக.

செயலாளர் இன்னும் குழம்பினார். "டிஷ் உங்களோடது, சரிம்மா. ஆனா இங்க வீட்டு உரிமையாளர்னு போட்டிருக்கே?"

"நானும்தான சார்? அப்பாவுக்கு நாங்க மூணு பேரு."

"கனி, நீ எதுக்கு இதுக்குள்ள எல்லாம் வர்றே..." என்று பால்ராஜ் ஆரம்பித்தார்.

"உங்க கேசுல என் பேரு எங்கனண்ணே இருக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அவர் செயலாளரிடமிருந்து தாளை வாங்கி, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வைத்து, 'அருணாசலம் மகள் சண்முகக்கனி' என்று நிதானமாக எழுதினார். பிறகு பேனாவை அண்ணனிடம் நீட்டினார். பால்ராஜ் வாங்கி, தங்கை பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். தனசேகரும் போட்டார். வக்கீல் சொன்னது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

"கழட்டுங்கண்ணே" என்று கனி என்னைப் பார்த்துச் சொன்னார். "டீச்சர் வீட்டய்யா மேல இன்னொரு தடவை விழுந்துட்டா நாங்க மூணு பேரும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்கன வர்றது?"

போல்ட் நாலும் இறுகிப் போயிருந்தன. எண்ணெய் விட்டுத் தட்டித்தான் எடுத்தேன். துளைகளைச் சிமெண்டும் கெமிக்கலும் கலந்து அடைத்தேன்.

அந்த மழைக்கு டீச்சர் வீட்டில் ஒழுகவில்லை. கட்டிலைப் பழைய அறைக்கே மாற்றிவிட்டார்கள். ஒழுகலுக்கு டிஷ்தான் காரணமா என்று எனக்கு இன்றும் சந்தேகம். இந்தச் சண்டை நடந்த சமயத்திலேயே சங்கம் தண்ணீர்த் தொட்டியின் குழாயையும் மாற்றியிருந்தது. கொத்தனாரைக் கேட்டால் இரண்டும்தான் என்கிறார். வழக்கில் சண்முகக்கனியும் சேர்ந்தார் என்றும், கடைசியில் வீட்டை விற்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள் என்றும் டீச்சர் பிறகு சொன்னார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மீட்டரை நம்புங்கள், ஆனால் மீட்டரோடு நின்றுவிடாதீர்கள். கேபிள் எந்த வீட்டுக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அந்த வீட்டுக்கு உரியவர்கள் யார் யார் என்று கேட்பது மீதி. பூட்டிய வீட்டு டிஷ் என்றால், "மகள் யாரும் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் ஸ்பேனரை எடுக்கிறேன். பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகிறது.