வரப்போரத்துப் பட்டன்

இன்று காலை நானும் பால்ராஜ் அத்தானும் வரப்பின் ஆளுக்கொரு பக்கம் நின்று முறைத்துக்கொண்டிருந்தோம்!

(அத்தான் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். பக்கத்துப் புஞ்சைக்காரர். அந்த வரப்புக்காக ரெண்டு வீடும் பேசாமல் இருந்த வருஷங்களும் உண்டு.)

எல்லாம் அந்த உரம் தூவுகிற மெஷினால் வந்தது.

எங்களுடையது குருவிகுளம் பக்கத்து மானாவாரி. மக்காச்சோளத்துக்கு அடியுரம் ஒரே தடவைதான் போடுவோம். சொசைட்டியில் வெயிலில் காய்ந்து வாங்கிய காம்ப்ளெக்ஸ் உரம், ஒரு கை கூட வீணாகக் கூடாது!

போன மாசம் சங்கரன்கோவிலில் இருந்து டிராக்டரோடு மெஷின் வந்தது. லீவர் கீவர் எதுவும் இல்லை. சீட்டுக்குப் பக்கத்தில் டச் ஸ்கிரீன். எங்கள் புஞ்சையே படமாக உள்ளே இருந்தது!

எனக்கு அப்போதே சந்தேகம்.

"ஏய்யா, சுத்தி வீசி அடிக்கே. வரப்பத் தாண்டி எங்க அத்தான் புஞ்சைல விழாதா?"

டிரைவர் செல்வின் சிரித்தான். "இந்தப் பட்டன அமுக்குனா ஓரத்துல அந்தப் பக்கம் ஒரு குருணை விழாதுக்கா."

"யாரு சொன்னா?"

"மெஷின்தான் சொல்லுது. ஸ்கிரீனப் பாருங்க."

"அது என்னத்தையும் சொல்லும். நீ அவுக வீட்டுல காப்பி குடிச்சத நான் பாத்தேன்லா!"

பையன் முகம் செத்துவிட்டது. நான் விடவில்லை. வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியை வரப்புக்கு அந்தப் பக்கம் விரித்துப் போட்டேன். (அவரிடம் கேட்கவில்லை.)

ஒரு குருணை விழவில்லை!

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு சந்தேகம் கூடிவிட்டது. இப்போது விழவில்லை, நான் அங்கிட்டுப் போனதும் விழுந்தால்?

"இன்னும் உள்ள தள்ளி வையி."

"யக்கா, இதுக்கு மேல தள்ளுனா ஒங்க ஓரத்துக்கே உரம் கெடைக்காது."

பார்த்தீர்களா, அத்தானுக்குப் பரிந்து பேசுகிறான்! நானே ஏறி அந்த மைனஸ் பட்டனை அமுக்கிவிட்டேன். அவ்வளவு ஈஸி! சைக்கிள் கூட ஓட்டத் தெரியாத எனக்கே வந்துவிட்டது.

மறுநாள் அதே மெஷின் அத்தான் புஞ்சைக்குப் போனது. எட்டிப் பார்த்தால், வரப்புக்கு எங்கள் பக்கம் அத்தான் வீட்டு அக்காவின் சேலை விரித்துக் கிடக்கிறது!

ச்சே, என்ன மனுஷன் இவர்! கூடப்பிறக்காத தம்பி பெண்டாட்டியை இப்படியா சந்தேகப்படுவது?

அவரும் டிராக்டரில் ஏறி எதையோ அமுக்கினார்.

இப்போது சோளம் முழங்கால் உயரம். புஞ்சை முழுக்கக் கரும்பச்சை, கண்ணுபடும் போல இருக்கிறது. வரப்போரம் மட்டும் ரெண்டு பக்கமும் மஞ்சள் பூத்து, சாண் உயரத்தில் கூனிக் கிடக்கிறது. எங்கள் குடும்பச் சண்டையை ரோட்டில் போகிற பஸ்ஸில் இருந்தே பார்க்கலாம்!

இன்று காலை அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். "மெஷினு சரியில்லம்மா."

"ஆமா அத்தான். நானும் அதத்தான் சொல்லுதேன்."

வரப்பு விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை!

வீட்டுக்கு வந்து, வரப்பில் நின்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அவர் பக்கத்து மஞ்சள் எங்கள் பக்கத்தை விடக் கொஞ்சம் பச்சையாகத் தெரிகிறது.

மக்கா, போட்டோவைக் கீழே போட்டிருக்கிறேன், நல்லாப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பச்சை யாருடைய உரம்?