மிஷின் திரும்ப இடமில்லாத நிலம்

நிலத்தைப் பிரித்தபோது யாருக்கும் மனக்குறை வரக் கூடாதென்று நீளவாக்கில் பிரித்தோம். ரெண்டு பேருக்கும் ரோடு கிடைக்கும், கிணறும் கிடைக்கும். யோசனை சொன்ன மேதை நான்தான். தாத்தா காலத்தில் ஒரே கட்டாக இருந்தது, அப்பாவும் சித்தப்பாக்களும் கிழித்தது போக, அண்ணனுக்கும் எனக்கும் ஆளுக்கொரு ரிப்பனாக வந்து சேர்ந்தது. உலகத்தில் ஜனத்தொகை பெருகி விளைநிலம் சுருங்குகிறது என்று டிவியில் சொன்னபோது, "எங்க வூட்ட எட்டிப் பாத்துட்டானுங்க போல" என்று சொல்லி டீக்கடையையே சிரிக்க வைத்தேன்.

என் துண்டுக்குள் நெல் அறுக்கும் மிஷின் இறங்கினால் திரும்ப முடியாது. ஒரு பக்கம் சித்தப்பா மகனின் கரும்பு. மறு பக்கம் அண்ணன் நிலம். அதில்தான் மிஷின் எப்போதும் திரும்பும். அந்தப் போகம் அண்ணன் நடவு நடவில்லை.

"முட்டி வலிடா. தரிசா கெடக்கட்டும். நீ எப்பவும் போல மிஷின திருப்பிக்க" என்றார். நம்பினேன்.

நெல் முற்றிச் சாய ஆரம்பித்தது. கல்வராயன் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. அவசரமாக மிஷினைக் கூட்டிக்கொண்டு போனால், அண்ணன் நிலத்தைச் சுற்றிக் கல் தூணும் முள்கம்பியும். நான் திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்தில் பந்தியைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோது நட்டிருக்கிறார்கள்.

"இன்னாங்க இது? இந்த இடுக்குல ஆடு கூட திரும்பாதே" என்றார் டிரைவர். மிஷினைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

"தியாகதுருகத்துல பிளாட்டு போடறவருக்கு வித்துட்டேன்டா" என்றார். "எனக்கு நாலு புள்ளைங்க. அத நாலா கிழிச்சா ஆளுக்கு வரப்புதான் வரும். படுத்துக்கலாம், நடவு நட முடியுமா?"

"அது சரிண்ணே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நகைய வெச்சாவது நானே வாங்கினு இருப்பேனே!"

"சொல்லலாம்னுதான் ரெண்டு தபா வந்தேன். வாயத் தொறக்க வுட்டியா? எதுனா சொல்லி சிரிக்க வெச்சினே இருந்த. டீய குடிச்சிட்டு வந்துட்டேன்."

அட்வான்ஸை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டில் டீ குடித்திருக்கிறார். சர்க்கரை ஜாஸ்தி என்று குறை வேறு சொன்னார். நாலு பிள்ளைக் கணக்கு எனக்குப் புரிந்தது. அந்த டீதான் இன்னும் இறங்கவில்லை.

கையால் அறுக்க ஆள் கிடைக்கவில்லை. நானும் என் மனைவியும் அரிவாளோடு இறங்கினோம். கால்வாசி அறுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் சேற்றிலேயே முளை விட்டது. தேறியதை நனைந்துகொண்டே அறுத்தோம்.

அண்ணன் குடையோடு வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"நானும் எறங்கட்டாடா?"

"வேணாண்ணே. இதுல ரெண்டு பேருக்கு மேல எடமில்ல."

வழக்கம்போல ஜோக்கு என்று நினைத்துச் சிரித்தார். நான் குனிந்து அடுத்த பிடியை அறுத்தேன்.