ஹெட் இறக்கிய வண்டி

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஃபிட்டராக இருப்பவனுக்கு அது ஒரு குறையில்லை. ஓடுகிற மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தால்தான் துணியில் கோடு விழாது. ஆனால் பைக் விஷயத்தில் அந்தக் குணம் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

வால்வு சத்தம் போட்டதால், மண்ணரையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாயிடம் கொடுத்து சிலிண்டர் ஹெட்டை இறக்கி வேலை பார்த்தேன். என் வண்டியில் வேறு யாரையும் நான் கை வைக்க விட்டதில்லை. மறுநாளே இன்ஜினில் ஆயில் கசிந்தது. ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில், நடுவே இருக்கும் கேஸ்கெட் ஓரமாக, கறுப்பாக ஈரம். சிக்னலில் நின்றால் ஆயில் கருகும் வாடை. ஷிஃப்டுக்குப் போனதும் வண்டிக்கு அடியில் வெள்ளைப் பனியன் துணியை விரித்துவிட்டு, டீ நேரம் வரை பொறுக்காமல் வந்து வந்து பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு கூடியிருக்கும்.

"ஏனுங்க, கொழந்தைக்கு விரிச்ச மாதிரி விரிச்சு வெச்சிருக்கறீங்க" என்று வாட்ச்மேன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் முறை போனபோது பாய் நட்டுகளின் இறுக்கத்தைச் சரிபார்த்தார். இரண்டாம் முறை வால்வுக்கு மேலே இருக்கும் டேப்பெட் மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாம் முறை, காலையில், வண்டியை விட்டு இறங்காமலேயே கத்தினேன்.

"கேஸ்கெட்டை ஒழுங்காப் போடத் தெரியாம எதுக்குங்க பாய் கடை வெச்சிருக்கறீங்க?"

பக்கத்து டீக்கடையில் பேச்சு நின்றது. சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் தன் வண்டியை ஹெட் வேலைக்காகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், "அப்பறம் வரேனுங்க" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கடைக்கு ஆள் வருவது பாயின் பேரை நம்பித்தான். அந்தப் பேரைத்தான் நான் கெடுத்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்தும் கோபம் இறங்கவில்லை.

"வண்டிய உட்டுட்டுப் போங்க. சாயந்தரம் வாங்க, சேந்து பாக்கலாம்" என்றார் பாய்.

சாயந்திரம் போனதும் ஹெட்டைக் கழற்றச் சொன்னேன்.

"பொறுங்க. கீழ ஈரமா இருந்தா கீழதான் லீக்குன்னு அர்த்தமில்லீங்க. மேலருந்து வழிஞ்சா காத்துல பரவி எங்க வேணா நிக்கும்."

இன்ஜினை பெட்ரோலால் கழுவிக் காயவிட்டு, முகப்பவுடரை எடுத்து மேலெல்லாம் தூவினார். ஸ்டார்ட் செய்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னால் உட்கார முடியவில்லை. வண்டியைச் சுற்றி வந்தேன், குனிந்தேன், ஆக்சிலேட்டரைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

கேஸ்கெட் ஓரம் வெள்ளையாகவே இருந்தது. ஹெட்டின் உச்சியில், நான்கு நட்டுகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் பவுடர் மெல்ல நனைந்தது. ஆயில் மேலே ஏறும் வழி அந்த நட்டு உட்காரும் போல்ட்டை ஒட்டித்தான் என்பதால், கசியாமல் அடைக்க அங்கே ஒரு செம்பு வாஷர் உண்டு. இன்ஜின் ஆறியதும் பாய் நட்டைக் கழற்றி வாஷரை எடுத்தார். அதன் அடியில் ஓர் இழை நூல் ஒட்டியிருந்தது. விளக்குத் திரி மாதிரி ஆயிலை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. துடைத்ததும் நிறம் தெரிந்தது. கிளிப்பச்சை.

ஹெட் வேலைக்கு பாய் பழைய வேட்டித் துணியைத் தவிர எதையும் தொடமாட்டார். கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் பனியன் வேஸ்ட் துணி, நூல் விடும் என்பார். நானோ இந்த ஊரில் எல்லோரையும் போல முகம் முதல் மெஷின் வரை பனியன் வேஸ்ட்டால்தான் துடைப்பேன். வேலை நடந்த வெள்ளிக்கிழமை, ஹெட்டை உட்காரவைத்துவிட்டு, நட்டுகளைப் போடும் முன் பாய் தொழுகைக்குக் கிளம்பினார். எதையும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கை சும்மா இருக்குமா? வண்டிப் பெட்டியில் கிடந்த எங்கள் கம்பெனி வேஸ்ட்டை எடுத்து போல்ட்டுகளைச் சுற்றித் துடைத்து வைத்தேன். உதவி செய்கிறேன் என்று நினைப்பு. அந்த வாரம் எங்கள் மெஷின்களில் ஓடியது கிளிப்பச்சை நூல்.

பாய் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புது வாஷர் போட்டு நட்டை முறுக்கினார். மறுபடியும் பவுடர் தூவி ஓடவிட்டார். நனையவில்லை.

காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சாயப்பட்டறைக்காரர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். "என்னங்க பாய், லீக் நின்னுச்சுங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"நின்னுருச்சுங்க. வாஷர் மோசமுங்க" என்றார் பாய், கையைத் துடைத்தபடி.

எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் தெருவுக்கே கேட்கக் கத்தியவன்தான். "வாஷர் இல்லீங்க, தப்பு எம்மேலதானுங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னங்க?" என்று அவர் கிட்டே வந்தார்.

இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னேன். டீக்கடையில் பேச்சு நின்றது.